டெபுடி கலெக்டர் தொடங்கிய கணிதக் கழகம்

கேட்டது இதுதான்: இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவர் ஒரு ரெவின்யூ அதிகாரி என்கிறார்களே, நிஜமா? ராமானுஜனுக்கு அது அப்படி என்ன செய்துவிட்டது? இன்னும் இருக்கிறதா, பி.எஸ்சி. கணிதம் படிக்கும் என் மகளுக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா?

நிஜம்தான். வி. ராமசாமி ஐயர், 1871-இல் பிறந்தவர், மதராஸ் மாகாணத்தில் டெபுடி கலெக்டர். 1906 டிசம்பரில் அவர் இருந்த ஊர் குத்தி. இன்றைய ஆந்திராவின் அனந்தபூர் பக்கம், மலைக்கோட்டை உள்ள சின்ன ஊர். அங்கிருந்து டிசம்பர் 25 அன்று, கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் என்று தமக்குத் தெரிந்த சிலருக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் விடுமுறை நாள். கச்சேரி வேலை இல்லாததால் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

கடிதத்தில் பெரிய லட்சியப் பேச்செல்லாம் இல்லை. ஐரோப்பாவில் வெளியாகும் கணித இதழ்களும் புதுப் புத்தகங்களும் நம் ஊரில் கிடைப்பதில்லை, தனி ஆளாக வாங்கிக் கட்டுப்படியாகாது, ஆகவே நாலு பேர் சேர்ந்து சந்தா போட்டு வாங்குவோம், தபாலில் ஒருவர் மாற்றி ஒருவர் படிப்போம். அவ்வளவுதான் யோசனை. தெருவில் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாரப் பத்திரிகை வாங்கி, கைமாற்றிக் கைமாற்றிப் படித்த காலம் உங்களுக்கு நினைவிருந்தால், அதையே குத்தியிலிருந்து பூனா வரை நீட்டிப் பாருங்கள். குத்தி மதராஸ்–பம்பாய் ரயில் பாதையில் இருக்கிறது என்பதும் இந்தத் திட்டத்துக்குத் தோதாகத்தான் இருந்திருக்கும்.

1907 ஏப்ரல் 4 அன்று கழகம் பிறந்தது. தொடக்க உறுப்பினர்கள் 20 பேர். அப்போது பெயர் 'அனலிடிக் கிளப்'. சீக்கிரமே 'இந்தியக் கணித கிளப்' ஆகி, 1911-க்குள் 'இந்தியக் கணிதக் கழகம்' என்று நிலைத்தது. தலைமையிடமும் நூலகமும் பூனா ஃபெர்குசன் கல்லூரியில். அங்கே முதல்வராக இருந்தவர் ஆர். பி. பராஞ்சபே, 1899-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்று 'சீனியர் ராங்லர்' பட்டத்துடன் திரும்பியவர். கழகத்தின் முதல் தலைவர் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் பி. அனுமந்த ராவ். செயலாளர் ராமசாமி ஐயரே. ஆக, புத்தகம் பூனாவில், தலைவர் சென்னையில், செயலாளர் ஜமாபந்திக்கும் முகாமுக்கும் நடுவே. நடுவில் ஓடிக்கொண்டிருந்தது தபால் இலாகா.

டெபுடி கலெக்டருக்குக் கணிதம் எதற்கு என்று ஆச்சரியப்பட வேண்டாம். கணிதத்தில் எம்.ஏ. முடித்தவருக்கு அன்று கல்லூரி வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ரெவின்யூ, அக்கவுண்ட்ஸ் இலாகாக்களில்தான் சம்பளமும் மரியாதையும். மூளையை அங்கே கொடுத்துவிட்டு ராத்திரியில் கணக்கு போட்ட தலைமுறை அது. ராமசாமி ஐயர் மாணவராக இருந்தபோதே லண்டனில் இருந்து வந்த 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழின் கணிதப் பகுதிக்கு எழுதி அனுப்புவார். எழுத்தின் தரத்தைப் பார்த்து அங்கிருந்தவர்கள் இவரைப் பேராசிரியர் என்றே நினைத்து, பெயருக்கு முன்னால் 'புரொபசர்' போட்டு அச்சிட, நண்பர்கள் மத்தியில் அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. நம் கழகம் பிறந்த அடுத்த ஆண்டு, 1908-இல், கல்கத்தா கணிதக் கழகம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் அசுதோஷ் முகர்ஜி ஹைகோர்ட் நீதிபதி! இந்த நாட்டின் முதல் இரண்டு கணிதக் கழகங்களில் ஒன்று தாலுகா கச்சேரியிலிருந்தும் மற்றொன்று கோர்ட்டிலிருந்தும் வந்தவை.

அடுத்து, இதழ். முதலில் உறுப்பினர்களுக்கான செயல்பாட்டு அறிக்கைகள் வந்தன. 1909 முதல் முறையான இதழ். ஆசிரியர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். 1927 வரை, பதினெட்டு ஆண்டுகள், அதைச் சுமந்தவர் அவர். கழகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ராமசாமி ஐயரைப் பேசிவிட்டு இவரை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு சங்கத்தை ஆரம்பிக்க ஒரு நல்ல கடிதம் போதும். இதழை மாதக்கணக்கு தவறாமல் கொண்டுவர, கூட்டல் கழித்தலே தெரியாத அச்சுக்கோப்பவரிடம் தொகைக்குறிகளையும் வர்க்கமூலங்களையும் கோத்து வாங்கிப் புரூஃப் பார்க்க வேறு ஜாதி மனிதர் வேண்டும்.

இதழில் கட்டுரைகள் வந்தன. ஆனால் அதன் உயிர் கேள்விப் பகுதியில் இருந்தது என்பது என் கட்சி. உறுப்பினர்கள் எண் போட்ட வினாக்களை அனுப்புவார்கள். மற்றவர்கள் தீர்த்து அனுப்புவார்கள். சரியான தீர்வு பெயருடன் அச்சாகும். கல்லூரி ஆசிரியர், பள்ளி ஆசிரியர், குமாஸ்தா, அதிகாரி எல்லோரும் அந்தப் பக்கத்தில் சமம். பட்டம் கேட்கமாட்டார்கள், விடை சரியா என்றுதான் பார்ப்பார்கள். எஃப்.ஏ. (அன்றைய இரண்டாண்டுக் கல்லூரித் தேர்வு) தேறாத ஒரு கும்பகோணத்துப் பையன் நுழைய வாசல் திறந்திருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

இனி ராமானுஜன். ராமானுஜனைக் 'கண்டுபிடித்தவர்' கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஹார்டிக்குக் கடிதம் போனது 1913 ஜனவரி 16. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளைப் பார்த்தால் வேறு படம் தெரியும்.

1910-இல் ராமசாமி ஐயர் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். ராமானுஜன் அவரைத் தேடிப் போனார். கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு எழுத்தர் வேலை. கையில் நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் வேலை கொடுக்கவில்லை. ரெவின்யூ இலாகாவின் அடிப்படியில் உட்காரவைத்து இந்த அறிவை மூச்சுத் திணறவைக்க மனம் வரவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு இதைக் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அன்று ரயில் சார்ஜுக்குக் காசு தேடி வந்தவனுக்கு எப்படி இருந்திருக்குமோ! ஆனால் ஐயர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அறிமுகக் கடிதங்கள் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

யாரிடம்? பி. வி. சேஷு ஐயர், ஏற்கெனவே கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனை அறிந்தவர், அப்போது சென்னையில். கழகக்காரர், பின்னாளில் அதன் தலைவர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ், அப்போது கழகத்தின் செயலாளர். 1910 டிசம்பரில் அவரைப் பார்த்தபோது ஒரே சந்திப்பில் காரியம் ஆகவில்லை. முதலில் நம்பிக்கையில்லை, நோட்டில் இருப்பது சரக்கா, சும்மா பேச்சா என்று அவருக்குத் தெரியவில்லை. எளியதில் தொடங்கிப் படிப்படியாக ராமானுஜன் விளக்க, கடைசியில் வழிக்கு வந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக் கவலையில்லாமல் கணக்கு போட ஒரு வழி வேண்டும் என்றாராம். மாதம் 25 ரூபாய் சொந்தப் பணத்திலிருந்து போக ஆரம்பித்தது.

பிறகு 1912 மார்ச்சில் சென்னை போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். அந்த மனுவுக்குச் சிபாரிசு எழுதியவர் மாநிலக் கல்லூரியின் இ. டபிள்யூ. மிடில்மாஸ்ட், 1915-இல் கழகத்தின் தலைவரானவர். போர்ட் டிரஸ்டில் மேலதிகாரி எஸ். நாராயண ஐயர், கழக உறுப்பினர், பின்னாளில் நெடுங்காலம் அதன் பொருளாளர். இரவில் இரண்டு பேரும் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ராமானுஜன் பத்துப் படியை இரண்டாகத் தாவ, மனுஷர் புரியும்படி எழுது என்று இவர் பிடித்து நிறுத்துவார். அந்தப் பழக்கம் ஹார்டிக்கு எழுதியபோது கைகொடுத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். 1913 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடக்குழு கூடி, பட்டமே இல்லாத ஆளுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தரப் பரிந்துரைத்தது. குழுவைக் கூட்டி, நாராயண ஐயரையும் வந்து பேசச் சொன்னவர் யார் தெரியுமா? மேலே சொன்ன அனுமந்த ராவ், கழகத்தின் முதல் தலைவர்.

25, 30, 75. மூன்று தொகைக்கும் பின்னால் நிற்பவர்கள் கழகத்தின் நிர்வாகிகள் பட்டியலில் இருப்பவர்கள். கழகம் தீர்மானம் போட்டு ராமானுஜனுக்கு எதுவும் கொடுத்ததாக இல்லை. அதற்குக் காசும் கிடையாது. ஆனால் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டருக்கு நெல்லூர் கலெக்டரையும், அவருக்குத் துறைமுக அதிகாரியையும் கணிதக்காரர்களாகத் தெரிந்திருந்தது அந்தச் சந்தாவால்தான். இந்த வலை 1905-இல் இல்லை. 1905-இல் ராமானுஜன் கும்பகோணத்தில் உதவித்தொகை இழந்து நின்றபோது தேடிப் போக ஆள் இல்லை. என்னைக் கேட்டால், கழகத்தின் நூற்றுச் சொச்சம் ஆண்டு வேலையில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

இதழுக்கு வருவோம். 1911-இல் ராமானுஜன் கேட்ட 289-ஆம் வினா பிரபலமானது. இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

ஆறு மாதம் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. வழி இப்படி: 3 என்பது √9. 9 என்பது 1 + 2×4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1 + 3×5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1 + 4×6. இப்படியே உள்ளே உள்ளே போகலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

ஆனால் உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள்: 3-க்குப் பதில் 4-ஐ வைத்து இதே கதையை ஓட்டினால் என்ன? 4 என்பது √16. 16 என்பது 1 + 2×7.5. அந்த 7.5-ஐ வர்க்கித்து 1 கழித்து 3-ஆல் வகுத்தால் அடுத்த எண் வந்துவிடும். நிற்காமல் போகும். அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமே? சொல்லக்கூடாது. உள்ளே போகப் போக மிஞ்சும் எண் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று பார்க்க வேண்டும். 3-இல் அது 4, 5, 6 என்று சாதுவாக நகர்கிறது, 4-இல் வெறிபிடித்து ஓடுகிறது. ராமானுஜன் அச்சில் தந்த விடையில் இந்தக் கவனிப்பு இல்லை. அதை ஒழுங்காக நிறுவும் குறிப்பை, இப்படிப்பட்ட அடுக்கு வர்க்கமூலங்கள் எப்போது ஒருங்கும், அதாவது ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கும், என்ற நிபந்தனையோடு, பிற்பாடு கொடுத்தவர் டி. விஜயராகவன். ஹார்டியும் மற்றவர்களும் 1927-இல் பதிப்பித்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பில் அது சேர்ந்திருக்கிறது.

இதே குறைதான் நாராயண ஐயங்காரைப் படுத்தியது. 1911-இல் பெர்னூலி எண்கள் (அடுக்குகளைக் கூட்டும் வாய்பாடுகளில் வரும் ஒரு எண் வரிசை) பற்றி ராமானுஜனின் முதல் முழுக் கட்டுரை வந்தது. அதைத் திருப்பி அனுப்பி, திருத்தி வாங்கி, மறுபடி அனுப்பி என்று ஆசிரியர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முறைகள் புதுமை, சொல்வது சுருக்கம், தெளிவு போதாது, சாதாரண வாசகன் பின்தொடர முடியாது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் நிராகரிக்கவில்லை. கையெழுத்துப் பிரதியை மூடி வைத்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று இதழ் நடத்திய எவருக்கும் தெரியும்.

ராமானுஜன் அந்தப் பகுதிக்கு மொத்தம் 58 அல்லது 59 வினாக்கள் அனுப்பினார். எண்ணிக்கையில் ஒன்று இழுபறி, அதைப் பற்றி ஆராய்ந்தவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். 1913-இல் வந்த இரண்டைச் சொல்கிறேன். 464-ஆம் வினா: 2-இன் 3, 4, 5, 7, 15-ஆம் அடுக்குகளிலிருந்து 7-ஐக் கழித்தால் முழு வர்க்கம் வருகிறது (கடைசியில் 32768 − 7 = 32761, அதாவது 181-இன் வர்க்கம்); வேறு அடுக்குகள் உண்டா? இல்லை என்று நார்வேக்காரர் நாகெல் 1948-இல் நிறுவினார். 469-ஆம் வினா (இதில் 4! என்றால் 1×2×3×4): 4! + 1 = 25, 5! + 1 = 121, 7! + 1 = 5041; மூன்றும் வர்க்கங்கள், முறையே 5, 11, 71 ஆகியவற்றுடையவை. இன்னும் உண்டா? பிரான்ஸில் ப்ரோக்கார்ட் என்பவர் முன்பே கேட்டிருந்தார், ராமானுஜனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. கணினி வைத்து 100 கோடியையும் தாண்டித் தேடிவிட்டார்கள், நான்காவது அகப்படவில்லை. இல்லவே இல்லை என்ற நிரூபணமும் இன்றுவரை கிடையாது.

கேம்பிரிட்ஜ் போன பிறகும் ராமானுஜன் இந்த இதழை மறக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1-க்கு மேற்பட்ட எந்த முழு எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையில் ஒரு பகா எண் கட்டாயம் உண்டு என்பது பெர்ட்ராண்ட் கூற்று. அதற்கு அவர் தந்த சிக்கனமான நிரூபணம், இரண்டே பக்கம், 1919-இல் வெளியானது லண்டனில் இல்லை. நாராயண ஐயங்காரின் இதழில். 2, 11, 17, 29, 41 என்று போகும் 'ராமானுஜன் பகா எண்கள்' அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியில்தான் பிறந்தன.

மாநாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது 1916-இல் சென்னையில், கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு திறந்து வைத்தார். இரண்டாவது 1919-இல் பம்பாயில். பிறகு சுமார் இரண்டு ஆண்டுக்கொரு முறை. 1951 முதல் ஆண்டுதோறும். தலைவர் உரை, கருத்தரங்கு, சாப்பாடு, குரூப் போட்டோ.

அடுத்த தலைமுறையில் கழகத்தின் முகம் மாறியது. 1927-இல் ஆர். வைத்தியநாதசுவாமி இதழாசிரியரானார், சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர், 1950 வரை நடத்தினார். மாநிலக் கல்லூரியில் கே. ஆனந்த ராவ் வளர்த்த மாணவர்கள், அதாவது விஜயராகவன், எஸ். எஸ். பிள்ளை, மீனாட்சிசுந்தரம், சந்திரசேகரன் ஆகியோர் எழுத ஆரம்பித்த காலம். பொழுதுபோக்குக் கணிதம் மெல்ல விலகி ஆராய்ச்சிக் கணிதம் வந்து உட்கார்ந்தது. 1934-இல் இதழே 'புதிய வரிசை' என்று ஒன்றாம் தொகுதியிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியது. குறிப்பு, வினா, பாடம் சார்ந்த கட்டுரைகளுக்கு 1933-இல் 'மேத்தமேடிக்ஸ் ஸ்டூடண்ட்' என்று தனி இதழ். ஆசிரியர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஏ. நரசிங்க ராவ். பிரித்தது அவசியம்தான். ஆனால் பெரியவர்களும் கற்றுக்குட்டிகளும் ஒரே பந்தியில் சாப்பிட்ட பழைய அமைப்பு அதோடு போயிற்று என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. பிள்ளை 1936-இல் அடுக்குச் சமன்பாடுகள் பற்றி எழுதிய கட்டுரை இந்தப் புதிய வரிசையின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. எண்கோட்பாட்டுக்காரர்கள் இன்னும் மேற்கோள் காட்டுவது. செல்பர்க் சுவட்டு வாய்பாடு (Selberg trace formula, நார்வேக் கணிதர் செல்பர்க் கண்டது) என்று உலகமே பேசும் விஷயம் அச்சில் வந்த கட்டுரையும் இங்கேதான், 1956-இல், 20-ஆம் தொகுதி. குத்தியில் தொடங்கிய வாசகர் வட்டத்துக்கு ஐம்பதே ஆண்டில் இது நடந்திருக்கிறது.

நூலகம் 1950-இல் பூனாவிலிருந்து சென்னைக்கு வந்தது. அழகப்ப செட்டியார் கொடையில் உருவாகி, விஜயராகவன் முதல் இயக்குநராக இருந்த ராமானுஜன் கணித நிறுவனத்துக்கு. இன்று அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம்.

ராமசாமி ஐயர் 1926 முதல் 1930 வரை தலைவராகவும் இருந்து, 1936-இல் மறைந்தார். அவர் பெயரில் ஆண்டு மாநாட்டில் ஒரு நினைவுச் சொற்பொழிவு நடக்கிறது.

கழகம் இன்னும் இயங்குகிறது. இரண்டு இதழும் வருகின்றன, மாநாடும் நடக்கிறது. ஆனால் உங்கள் மகள் இப்போது சேர வேண்டுமா என்றால், அவசரமில்லை என்பேன். முதல் இதழ் ஆராய்ச்சியாளர்களுக்கு, பி.எஸ்சி. மாணவிக்கு ஒரு பக்கம் தாண்டாது. 'மேத்தமேடிக்ஸ் ஸ்டூடண்ட்'டில் வரும் விளக்கக் கட்டுரைகள் சிலவற்றை மூன்றாம் ஆண்டில் முயன்று பார்க்கலாம். அவளுக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது 1985-இல் திருச்சியில் தொடங்கிய ராமானுஜன் கணிதக் கழகம். அதன் 'மேத்தமேடிக்ஸ் நியூஸ்லெட்டர்' மாணவர்களை மனதில் வைத்து நடத்தப்படுவது. வீட்டில் தம்பி தங்கை பள்ளியில் படித்தால், 1965 முதல் சென்னையில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் 'ஜூனியர் மேத்தமேடிஷியன்' வாங்கிக் கொடுங்கள். அவர்கள் நடத்தும் திறனறித் தேர்வையும் எழுதலாம்.

இதற்கெல்லாம் முன்னால், செலவில்லாத வேலை ஒன்று. ராமானுஜனின் வினாக்கள் அவரது கட்டுரைத் தொகுப்பின் கடைசிப் பகுதியில் அச்சாகியிருக்கின்றன. கல்லூரி நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். 289-இன் விடையை நான் உளறிவிட்டேன். மற்றவற்றில் கல்லூரி இயற்கணிதம் மட்டுமே தேவைப்படும் வினாக்கள் பல உண்டு. வாரம் ஒன்று வீதம் போடச் சொல்லுங்கள், விடைப் பக்கம் திருப்பாமல்.